வின்னிபெக்குக்குத் தைத்த கோட்டு

தாராவி, மும்பை
14.9.2022

அன்பு மகள் நூர் நிஷாவுக்கு சாச்சா அப்துல் ஹாதி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் சாச்சி நஜ்முன்னிசாவும் தங்கச்சி பரீஹாவும் அல்லாஹ் உதவியால் சுகம். எனக்கு முழங்கால் மட்டும் சுகமில்லை. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளை சைஃபும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

நீ கனடா போய்ப் பத்து நாளாகிறது. வாட்ஸ்அப்பில் ‘வந்து சேர்ந்துவிட்டோம்’ என்று ஒரு வரியும் பக்கத்தில் ஒரு விமானப் பொம்மையும் வந்தன. இது போதாது. வாட்ஸ்அப்பில் வருவதை ஒவ்வொருவரும் தன் செல்லில் தனியாகப் படித்துவிட்டுத் தனியாகப் புரிந்துகொள்கிறார்கள். கடிதம் என்றால் ஒருவர் படிக்க, எல்லாரும் ஒரே மாதிரி கேட்கலாம். அதனால் நீ தாளில் தமிழில் எழுதிப் படம் எடுத்துப் பரீஹாவுக்கு அனுப்பு. அவள் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொண்டுவந்து தருவாள். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க அவளுக்கு ஒரு பக்கத்துக்கு அரை நாள் ஆகும் என்பதால் கடிதம் வழியில் பிரிக்கப்படும் என்ற பயமும் இல்லை. போனில் பேசலாம் என்று சொல்லாதே. கீழே மெஷின் ஓடும்போது எனக்கு ஸ்பீக்கரில் போட்டாலும் கேட்காது, தெருவுக்குத்தான் கேட்கும்.

முக்கியமான விஷயம் கோட்டு. நம் பட்டறையில் இத்தனை வருஷமும் தோலில் பெண்கள் கைப்பைதான் தைத்தோம். கோட்டு இதுவே முதல். ஜிப் மாற்ற வந்த ஒரு மோட்டார்சைக்கிள்காரரின் ஜாக்கெட்டைப் பிரித்து அளவெடுத்துக்கொண்டு மறுபடி தைத்துக் கொடுத்தோம். அவருக்கு இன்றுவரை தெரியாது. பூலோகம் வெட்டிக் காலர் வைத்தான், சுடலைக்கண்ணன் கோட்டின் கைகளைத் தைத்தான், மற்றவர்கள் மற்றதைச் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து செய்தார்கள். கூலி வேண்டாம் என்றார்கள், உங்கள் அண்ணன் மகள் எங்களுக்கும் மகள்தான் என்றார்கள்.

விமான நிலையத்தில் நீ அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நின்றாய். உன் நெற்றியில் வியர்வை வழிந்ததைப் பார்த்துப் பூலோகம், “பாத்தியளா மொதலாளி, பம்பாயிலேயே இந்தச் சூடு புடிக்குதுன்னா அங்க கேக்கவே வேண்டாம்” என்றான். அது சரியாகத்தான் பட்டது.

கோட்டு எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுது. பட்டறையில் காத்திருக்கிறார்கள்.

வஸ்ஸலாம்.
சாச்சா அப்துல் ஹாதி


வின்னிபெக்
2.10.2022

அன்புள்ள சாச்சாவுக்கு நூர் நிஷா எழுதுவது. வஅலைக்கும் ஸலாம். நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்காலுக்கு சாச்சி சொல்கிற எண்ணெயைத் தேயுங்கள். அதை இடுக்கில் ஒளித்து வைத்திருப்பதாகப் பரீஹா சொன்னாள்.

சைஃபுக்கு ஒரு கிடங்கில் வேலை. எனக்கு ஒரு துணிக்கடையில் வேலை, துணியை ரகம் பிரித்து அடுக்க வேண்டும். பி.காம். படித்தது வீண்போகவில்லை, நூறு வரை எண்ண வேண்டியிருக்கிறது.

கோட்டு நன்றாக இருக்கிறது. இங்கே இப்போது மத்தியானத்தில் பன்னிரண்டு டிகிரி. எனக்கு நடுங்குகிறது, இந்த ஊர்க்காரர்கள் அரைக்கால் சட்டையில் நடக்கிறார்கள். இந்தக் குளிருக்குக் கோட்டு சரியாக இருக்கிறது. நேற்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் அதைத் தொட்டுப் பார்த்து எங்கே வாங்கினாய் என்று கேட்டார். வீட்டில் தைத்தது என்றேன். அவர் அதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, அது பாராட்டுத்தான்.

குளிர்காலம் இன்னும் தொடங்கவில்லை என்று கடையில் எல்லாரும் ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். பட்டறையில் எல்லாருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

உங்கள் அன்பு மகள்
நூர் நிஷா


தாராவி
16.10.2022

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். எண்ணெய் அகப்பட்டுவிட்டது.

உன் கடிதத்தை மெஷினை எல்லாம் நிறுத்திவிட்டுப் படித்தேன். பஸ் அம்மாள் வரும் இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு தகராறு வந்தது. அந்த அம்மாள் எதைத் தொட்டுப் பார்த்தாள் என்று நீ எழுதவில்லை. சுடலைக்கண்ணன், “பக்கத்து சீட்டுன்னா கையிலதான் படும், கை நான் தச்சது” என்கிறான். பூலோகம், “கண்ணுல மொதல்ல படுதது காலருதான், கை ரெண்டாவதுதாம்ல” என்கிறான். இரண்டு நாளாக ஒருவருக்கொருவர் ஊசிகூடக் கேட்டு வாங்குவதில்லை. அடுத்த கடிதத்தில் தெளிவாக எழுது.

இன்னொரு நல்ல செய்தி. பரீஹாவுக்கு உங்கள் ஊர் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. ஜனவரியில் சேர வேண்டுமாம். உன்னோடு தங்குவாள் என்பதால்தான் உன் சாச்சி சம்மதித்தாள். விசா வந்தால் இன்ஷா அல்லாஹ் வந்து சேருவாள்.

பனி விழுந்ததும் கோட்டு எப்படித் தாங்குகிறது என்று எழுது.

வஸ்ஸலாம்.
சாச்சா


வின்னிபெக்
13.11.2022

அன்புள்ள சாச்சாவுக்கு, வஅலைக்கும் ஸலாம். நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். பரீஹா வருவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அந்த அம்மாள் தொட்டது தோள்பட்டை. யாருக்கும் பாதகமில்லை என்று நம்புகிறேன்.

பனி விழுந்துவிட்டது. இன்று காலை பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு. பூஜ்யத்துக்குக் கீழே என்றால் என்னவென்று பட்டறையில் விளக்க வேண்டாம், எனக்கே முழுதாகப் புரியவில்லை. இங்கே எல்லாரும் முழங்கால்வரை தொங்குகிற, மெத்தையை வெட்டித் தைத்ததுபோன்ற கோட்டுகளைப் போடுகிறார்கள். உள்ளே வாத்தின் இறகு திணித்திருக்கிறது. ஆளைப் பார்த்தால் ஆள் தெரியாது, உருண்டு போவதுதான் தெரியும்.

நம் கோட்டு இந்தக் குளிரில் கொஞ்சம் மாறுகிறது. வெளியே போய்விட்டு வந்து கழற்றி நாற்காலியில் வைத்தால் சரிந்து விழாமல் அதுவே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. நடக்கும்போது அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம் கேட்கிறது. உள்ளே வைத்த சாட்டின் லைனிங் மிகவும் வழவழப்பு. காலையில் கையை நுழைத்தால் ஐஸ் தண்ணீரில் விட்டதுபோல விழிப்புக் கொடுக்கிறது. இப்போது அதை நான் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் போட்டுக்கொள்கிறேன்.

பரீஹா என்ன போட்டுக்கொண்டு வரப்போகிறாள் என்பதை முன்கூட்டியே யோசித்துவிட்டால் நல்லது.

உங்கள் மகள்
நூர் நிஷா


தாராவி
20.11.2022

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம். தோள்பட்டை தைத்தவன் லீவில் ஊருக்குப் போயிருக்கிறான்; அவன் இல்லாத நேரத்தில் பெயர் வாங்கிவிட்டான் என்று மற்ற இருவரும் சமாதானமாகிவிட்டார்கள்.

உன் கடிதம் கேட்டுப் பட்டறையே குளிர்ந்துவிட்டது. கோட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நல்ல தோல் அப்படித்தான் நிற்கும். நாம் தைக்கும் பைகூட உள்ளே காகிதம் திணித்தால்தான் நிற்கிறது. சத்தம் வருவது புதுத்தோலின் குணம். வீட்டுக்குள்ளும் கழற்ற உனக்கு மனம் வரவில்லை என்பதைப் படித்தபோது பூலோகம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த ஊர்க்காரர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. தோல் தைக்க ஆள் இல்லாமல் மெத்தையை உடுத்திக்கொண்டு திரிகிறார்கள்.

பரீஹாவுக்கு விசா வந்துவிட்டது. ஜனவரி மூன்றாம் தேதி டிக்கெட். அவள் என்ன உடுத்துவது என்று நீ கவலைப்பட வேண்டாம், அவள் கோட்டுக்குத் தோல் வெட்டியாகிவிட்டது. உன் சாச்சி மாட்டுங்காவில் ஏதோ கடையில் குளிர்கோட்டு விற்பதாகக் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். பட்டறையில் எல்லார் முன்னாலும் சொன்னாள். வீட்டில் தோலை வைத்துக்கொண்டு கடைக்கோட்டு வாங்கினால் நான் நாளைக்கு யாரிடம் பையை விற்பது என்று கேட்டுவிட்டேன். பேச்சு அத்தோடு முடிந்தது.

அது மட்டுமில்லை. சாம்பிளாக இன்னும் ஐந்து கோட்டு அவள் பெட்டியில் வருகிறது. ஒரு பெட்டி முழுக்க அதுதான். அந்த ஊருக்கு ஒரு வழி பிறக்கட்டும்.

வஸ்ஸலாம்.
சாச்சா


வின்னிபெக்
27.11.2022

அன்புள்ள சாச்சாவுக்கு, வஅலைக்கும் ஸலாம். நலமாக இருக்கிறோம். சைஃபுக்கு இருமல் இருந்தது, போய்விட்டது.

பரீஹாவின் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். ஜனவரி மூன்று என்பது இங்கே வருஷத்திலேயே மோசமான நாட்களில் ஒன்று என்று கடையில் சொல்கிறார்கள். சமயத்தில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பதுக்குப் போகுமாம். அப்போது ரேடியோவில், வெளியே தோலைத் திறந்து வைக்காதீர்கள் என்று சொல்வார்களாம். மனிதத் தோலைச் சொல்கிறார்கள், சாச்சா.

பெட்டியில் வரவேண்டியது: உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, கம்பளி சாக்ஸ், காதை மூடும் தொப்பி, கையுறை, நல்ல கனமான பஞ்சு அல்லது இறகு வைத்த கோட்டு. ஐந்து சாம்பிளுக்கு இடம் கொடுத்தால் இவற்றுக்கு இடம் இருக்காது. சாம்பிள் பிறகு வரட்டும்.

தோல் கோட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இருக்கட்டும். ஆனால் இங்கே ஒவ்வொருவரும் இரண்டு கோட்டு வைத்துக்கொள்வது வழக்கம். ஒன்று அழகுக்கு, ஒன்று குளிருக்கு. பரீஹாவுக்கும் இரண்டாவதாக ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். கடைக்கோட்டு என்று நினைக்க வேண்டாம், மருந்து என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதை எப்படியாவது கவனமாகப் படியுங்கள்.

உங்கள் மகள்
நூர் நிஷா


தாராவி
4.12.2022

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். மாப்பிள்ளைக்கு இஞ்சிச் சாறு கொடு.

உன் யோசனை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அந்த நாட்டில் ஆளுக்கு இரண்டு கோட்டு என்பது இதுவரை இங்கே யாருக்கும் தெரியாது. பரீஹாவுக்கும் இரண்டாகவே தைத்துவிடுகிறோம். ஒன்று கறுப்பு, ஒன்று மரப்பட்டை நிறம். சுடலைக்கண்ணன், “ஆளுக்கு ரெண்டுன்னா ஊருக்கு எத்தன வேணும் மொதலாளி” என்று கேட்டு, வாய்விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தான். நான்தான் நிறுத்தினேன்.

சாக்ஸ், தொப்பி எல்லாம் வாங்கியாகிவிட்டது.

வஸ்ஸலாம்.
சாச்சா


தாராவி
9.12.2022

நூர் நிஷாவுக்கு சாச்சி நஜ்முன்னிசா எழுதுவது. நலமா? நான் நலமாக இல்லை.

உன் சாச்சா ஜும்ஆ தொழுகைக்குப் போயிருக்கிறார். திரும்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். பரீஹா பக்கத்தில் செல்லை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

அவர் கடிதம் படிக்கும்போது நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்பேன். கோட்டுக்குள்ளே ஒரு அடுப்பு எரிவதுபோல இருக்கிறதாமே. பனியில் படுத்துத் தூங்கலாமாமே. நீ சின்னப் பிள்ளையிலிருந்து என் கையில் வளர்ந்தவள். இப்படியெல்லாம் பேசுகிற பிள்ளை நீ இல்லை. போகிற இடத்துத் தண்ணீர் மாற்றிவிட்டதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இருப்பது ஒரே மகள். அவளைக் கைப்பை மாதிரி தைத்து அனுப்பப் பார்க்கிறார். நான் வாயைத் திறந்தால், “நூரு எழுதினத விடவா ஒனக்குத் தெரியும்” என்கிறார். பரீஹாவிடம் சொன்னால், “விடும்மா, அங்க போயி அக்கா பாத்துக்கும்” என்கிறாள். விமானத்திலிருந்து இறங்கி வெளியே வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தை யார் பார்த்துக்கொள்வது?

ஒரே கேள்வி. அந்தக் கோட்டு குளிரைத் தாங்குமா, தாங்காதா? தாங்காது என்றால் என்னிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவரிடம் சொல். சுற்றி வளைக்காமல் சொல். வருத்தப்பட்டால் படட்டும், நான் சோறு போட்டுச் சரி செய்துகொள்கிறேன்.

சாச்சி


வின்னிபெக்
13.12.2022

*தனியாகப் படிக்கவும். பட்டறையில் பிரிக்க வேண்டாம்.*

அன்புள்ள சாச்சாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் நலம் வேண்டி துஆ செய்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இதுவரை நான் எழுதியதெல்லாம் மழுப்பல். அந்தக் கோட்டு குளிரைத் தாங்காது. அக்டோபரில் தாங்கியது. அக்டோபரில் இங்கே எதைப் போட்டாலும் தாங்கும்.

மழுப்பியதற்குக் காரணம், நான் எழுதுவதை நீங்கள் ஆறு பேருக்குப் படித்துக் காட்டுகிறீர்கள். சுடலைக்கண்ணன் அண்ணனிடம் நீங்கள் தைத்த கை மடங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அதனால் சாடைமாடையாக எழுதிப் பார்த்தேன். நான் வைத்த ஒவ்வொரு சாடையும் உங்களிடமிருந்து பாராட்டாகத் திரும்பி வந்தது. மெத்தைக் கோட்டு என்றேன், பாவம் என்றீர்கள். இரண்டு கோட்டு என்றேன், இரண்டு தைத்தீர்கள். இனி சாடை செய்ய என்னிடம் எதுவும் மிச்சமில்லை. பரீஹாவிடம் பேசியபோது, கோட்டுக்குள் அடுப்பு எரிகிறது என்று நான் எழுதியதாகச் சொல்கிறாள். அடுப்பு என்ற சொல்லை நான் எழுதியதாக நினைவில்லை. உங்கள் கண்ணையும் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.

போன மாதம் கடைசியில் ஒரு நாள், உங்களுக்கு உண்மையாக ஒரு பதில் எழுத வேண்டுமே என்று நம் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். பஸ் வரத் தாமதம். முதலில் முதுகு போனது. பிறகு தோல் விறைத்துப் பலகையாகிவிட்டது. பஸ் வந்தபோது கையை மடக்கிப் பயண அட்டையை எடுக்க முடியவில்லை. இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி படியில் நின்றேன். ஜிப் தாடையில் ஒட்டிக்கொண்டது. டிரைவர் எழுந்து வந்து என்னைப் பிடித்து ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைத்தார். “இதைப் போட்டுக்கொண்டு இந்த ஊரில் செத்துப்போவாய்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வழி சொல்வதுபோலச் சொன்னார். ஒரு காது நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது.

அதுவரை வெளியே போக இரவல் கோட்டுத்தான். அன்று சாயங்காலமே சைஃப் எனக்கென்று ஒரு மெத்தைக் கோட்டு வாங்கி வந்தார். யாரோ போட்டுக் கழித்தது. நான் வேலை பார்ப்பதும் பழைய துணி விற்கும் கடைதான். அதையும் உங்களிடம் எழுதவில்லை.

எனக்குக் காதோடு போயிற்று. பரீஹாவை அந்தக் கோட்டில் அனுப்பாதீர்கள். அவர்கள் மனம் நோகும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் நோகிறது. ஆனால் அவர்கள் மனத்தை விமானத்தில் ஏற்ற வேண்டியதில்லை, பரீஹாவை ஏற்ற வேண்டும்.

பதில் உடனே எழுதுங்கள்.

நூர் நிஷா


செம்பூர்
30.12.2022

அன்பு மகள் நூர் நிஷாவுக்கு சாச்சா அப்துல் ஹாதி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். காது எப்படி இருக்கிறது? அதை முதலில் கேட்டுவிடுகிறேன். நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டு. என் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

பதில் எழுதாமல் இத்தனை நாள் கடத்தியதற்குக் காரணம், எழுத இடம் கிடைக்கவில்லை. உனக்கு எழுதும் கடிதத்தையும் நான் பட்டறையில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுவேன். சொல்லாவிட்டால், “சத்தமா எழுதுங்க மொதலாளி” என்பார்கள். இதைச் செம்பூரில் கோமதியம்மாள் வீட்டில் உட்கார்ந்து சத்தமில்லாமல் எழுதுகிறேன். கோமதியம்மாள் நம்மிடம் வெகுகாலமாகப் பை வாங்குகிறவர். அவர் மகன் கனடாவில் நாலு வருஷம் இருந்துவிட்டு, போதும் என்று திரும்பி வந்துவிட்டான். அவன் கோட்டு அலமாரியில் கிடந்தது. நீ சொன்ன மெத்தை ரகம்.

நாற்காலியில் கோட்டு தானே உட்கார்ந்திருக்கிறது என்று நீ எழுதினாயே, அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. காலமெல்லாம் தோலில் கை வைத்திருப்பவனுக்கு விறைத்துப்போன தோல் என்றால் என்னவென்று தெரியாதா? அன்றைக்கு அந்த வரியைப் படிக்கும்போது ஆறு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் அர்த்தத்தை மாற்றிவிட்டேன். ஒரு தடவை மாற்றினால் அடுத்ததையும் மாற்ற வேண்டும். அடுப்பு, பனியில் தூக்கம் எல்லாம் என்னுடையவை. உன் சாச்சியிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அவள் முகமே பூலோகத்திடம் சொல்லிவிடும்.

எதற்காக இவ்வளவு என்று கேட்பாய். பை தைக்கிறவனுக்கு அந்தப் பை எங்கே போனது, யார் தோளில் தொங்குகிறது என்று தெரியவே தெரியாது. லாரியில் ஏறினால் அத்தோடு சரி. இது ஒன்றுதான் எங்கே இருக்கிறது, யார் மேல் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த பொருள். தினமும் காலையில் செல்லில் உங்கள் ஊர் வெதரைப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் உட்காருகிறார்கள். குளிர் கூடினால் சந்தோஷப்படுகிறார்கள். அவர்களிடம் நான் என்னத்தைச் சொல்வது?

பரீஹா விஷயம் ஏற்பாடாகிவிட்டது. கோமதியம்மாள் மகனின் கோட்டை மின்விசிறிக்குக் கீழே நின்று நானே போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டி, கண் இருட்டி, முதுகில் ஆறு ஓடியது. “போதும் பாய், கழட்டுங்க. எங்க வீட்டுல விழுந்து வச்சீங்கன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது” என்று அவர் பிடித்து இழுத்தார். அப்போதுதான் நாங்கள் தைத்தது கோட்டு இல்லை, சட்டை என்று புரிந்தது. பரீஹாவுக்கு இது கொஞ்சம் பெரிது. இருக்கட்டும், உள்ளே கம்பளி போட இடம் வேண்டும்.

மூன்றாம் தேதி பட்டறை முழுவதும் வழியனுப்ப வருகிறது. கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொள்வாள். டிக்கெட் உள்ளவர்களைத்தான் உள்ளே விடுவார்கள், அதுவும் ஒரு நன்மை. மெத்தைக் கோட்டு அவள் விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகும் பெரிய பையில் இருக்கும், உங்கள் ஊரில் இறங்கியதும் மாற்றிக்கொள்வாள். அவளிடம் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “எனக்கு அக்டோபர்லயே தெரியும் வாப்பா, நெட்ல பாத்தேன், இவ்ளோ டென்ஷன் எதுக்கு” என்றாள். சாம்பிள் கோட்டு ஐந்தும் கோமதியம்மாள் அலமாரியில் இருக்கின்றன. இப்போதைக்கு அதுதான் நம் கனடா கிளை.

இனி உன் கடைசிக் கடிதம். தனியாகப் படிக்கவும் என்று மேலே தமிழில் எழுதியிருந்தாய். கொண்டுவந்தது பரீஹா. கொண்டுவந்து பட்டறை நடுவில் எல்லார் முன்னாலும் நீட்டினாள். மெஷினை நிறுத்திவிட்டார்கள். இத்தனை நாள் படித்துவிட்டு அன்றைக்கு மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் என்ன நினைப்பார்கள்? படித்தேன். மூன்று பக்கம். ஒரு வரிகூட உள்ளபடி படிக்க லாயக்கில்லை. கை மடங்கவில்லை என்ற இடத்தில், குளிரில் கை கட்டி நிற்கவேண்டிய தேவையே வரவில்லை என்று படித்தேன். அது எப்படியோ வந்துவிட்டது. ஆனால் பஸ் டிரைவர் எழுந்து வந்த இடத்தில் நன்றாக மாட்டிக்கொண்டேன். அவர் ஏன் எழுந்து வர வேண்டும்? அந்தக் கோட்டைப் போலவே தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்கத்தான் எழுந்து வந்தார் என்று சொல்லிவிட்டேன்.

இனிமேல் உண்மையை இவ்வளவு நீளமாக எழுதாதே. படித்துக்கொண்டே மாற்றுவது இந்த வயதில் முடியவில்லை. எழுதியே தீரவேண்டும் என்றால் கோமதியம்மாள் விலாசத்துக்கு எழுது, தாளின் பின்பக்கம் கொடுத்திருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் ஸலாம். பரீஹாவை வெளியே வந்து தேடாதே, கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயே நில்.

பூலோகம் தோல் எடுத்து வைத்துவிட்டான். நாலு நாளாக வெட்டாமல் காத்திருக்கிறான். எப்படியாவது அந்த டிரைவரின் நெஞ்சளவைக் கேட்டு எழுது.

வஸ்ஸலாம்.
சாச்சா அப்துல் ஹாதி